கேள்வி கேட்பது யார்? - கடற்கரைப் பிள்ளைகளும் வேதபாடமும்

கட்டுமாவடியிலிருந்து கடலோரமா தெற்கே போய்க்கிட்டே இருந்தா, ராமநாதபுரம் சீமை தாண்டி முத்துக்குளித்துறை வரும். புன்னைக்காயல், மணப்பாடு எல்லாம் அந்தப் பக்கம். வடக்கே போனா வேதாரண்யம், நாகப்பட்டினம் தாண்டித் தரங்கம்பாடி. நடுவுல மீனும் கருவாடுமா எங்க ஊரு. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ சமயம் சொல்லிக்கொடுத்த கதையில ரெண்டு முக்கியமான அத்தியாயம் இந்த ரெண்டு முனையிலயும்தான் நடந்தது. ஒண்ணு கத்தோலிக்கம், இன்னொண்ணு லுத்தரன் சபை.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னு கேட்கலாம். எங்க பக்கம் ஞாயிறு மறைக்கல்வி எடுக்குற ஒரு தங்கச்சி என்கிட்ட புலம்பிச்சு. "சின்னப் பிள்ளைங்க வருதுங்கண்ணே. பத்தாவது தாண்டிட்டா ஒருத்தரும் எட்டிப் பார்க்கிறதில்ல. பெத்தவங்ககிட்ட சொன்னா, அதுக்குத்தானே நீ இருக்கேங்குறாங்க. இது யார் வேலைண்ணே?" நல்ல கேள்விதான். நானூத்தி எண்பது வருசமா இந்தக் கரையில இதே கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்காங்க.

முதல் பதில் சவேரியாருடையது. 1542ல் கோவாவுக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அந்த வருசக் கடைசியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துட்டார். அங்கே பரதவ மக்கள் அதுக்குச் சில வருசம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க. ஆனா செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்களை வச்சு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கையில மணியோட தெருத்தெருவா போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லணும். இதுதான் ஏற்பாடு. நோயாளி வீடுகளுக்குச் செபம் சொல்லப் போனதும் பிள்ளைகள்தான். இன்னைக்கு இளைஞர் பணி, தலைமைப் பயிற்சின்னு நாம சொல்ற சங்கதியை அவர் அப்பவே செஞ்சிருக்கார்.

இதுல கசப்பான பக்கமும் உண்டு. 1544 ஜனவரியில கொச்சியிலிருந்து ரோமுக்கு அவர் எழுதின புகழ்பெற்ற கடிதத்துல அதையும் பெருமையாவே சொல்றார். பெரியவங்க பழைய தெய்வங்களைக் கும்பிட்டா, பிள்ளைகள் வந்து அவர்கிட்ட சொல்லிடுவாங்களாம். அவரும் பிள்ளைகளோட போய், அந்தச் சிலைகளை அவங்களே உடைச்சு அவமதிக்கிறதைப் பார்ப்பாராம். நமக்குக் கிடைக்கிறது அவர் கடிதம் மட்டும்தான். தலைமுறை தலைமுறையா கும்பிட்ட சாமியைத் தன் மகனே காட்டிக்கொடுக்கிறதைப் பார்த்த தாய் என்ன நினைச்சான்னு ஒரு வரிகூட எங்கேயும் இல்ல. பிள்ளைக்குப் பக்தி வந்தது சரி, வீட்டுல நிம்மதி இருந்துச்சா? இளைஞர் பணி செய்றவங்க ஒரு நிமிசம் இங்க நின்னு யோசிக்கணும். பெத்தவங்களுக்கு எதிரா பிள்ளையைத் திருப்பித்தான் சமயம் வளரணும்னா அது ரொம்ப விலை கூடின வழி.

சவேரியாருக்குப் பின்னாடி வந்தவர் அன்றீக்கு அடிகளார். போர்த்துக்கல்காரர். தமிழை இலக்கணத்தோட கத்துக்கிட்டவர். இந்தியாவுல தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் அவருடைய 'தம்பிரான் வணக்கம்'. 1578ல் கொல்லத்துல அச்சானது, வெறும் 16 பக்கம். அதுக்கும் முன்னாடி 1554லயே லிஸ்பன்ல ஒரு தமிழ் நூல் வந்திருக்கு, ஆனா தமிழை ரோமன் எழுத்துல போட்டிருந்தாங்க. அதுக்குப் பேரு 'கார்த்தில்யா'. நம்ம அரிச்சுவடி மாதிரி. 1579ல் கொச்சியில 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. இதுக்கு மூலம் மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதின போர்த்துக்கீசிய நூல். சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே உரையாடலா எழுதினது.

அதாவது மக்களே, தமிழ் அச்சு எழுத்து பிறந்ததே வேதபாட வகுப்புக்காகத்தான்! திருக்குறளும் சிலம்பும் அச்சேறினதெல்லாம் ரொம்பப் பின்னாடி. நாம இன்னைக்குக் கணினியில தமிழ் தட்டுறதுக்கு ஒரு பாட்டன் புத்தகம் உண்டுன்னா அது இந்தச் சின்னச் செபப் புத்தகம்தான் :-)

அந்த உரையாடல்ல ஒண்ணு கவனிங்க. ஆசிரியர் கேட்பார், மாணவன் சொல்வான். பதில் ஏற்கனவே எழுதிவச்சது. பிள்ளைக்கு வேலை மனப்பாடம் மட்டும்தான்.

வடக்கு முனைக்கு வருவோம். 1706 ஜூலை 9ல் தரங்கம்பாடியில வந்து இறங்கினார் சீகன்பால்கு. வயசு 23தான். அதாவது அவரே ஒரு இளைஞர். தமிழ் கத்துக்க அவர் பிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். திண்ணைப் பள்ளி வாத்தியாரை மாணவர்களோட தன் வீட்டுக்கே வரவழைச்சு, பிள்ளைகளோட தரையில உட்கார்ந்து மணல்ல விரலால அ, ஆ எழுதினார். சொல்லிக்கொடுக்க வந்தவர் முதல்ல பிள்ளைகள் பக்கத்துல மாணவனா உட்கார்ந்தார். அடுத்த வருசமே பள்ளி தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும்.

அவர் கொண்டுவந்த மரபுல ஒரு முக்கியமான புத்தகம் மார்ட்டின் லுத்தர் 1529ல் எழுதின சிறிய ஞானோபதேசம். சாக்சனியில சபைகளைச் சுத்திப் பார்த்தப்ப, சனங்களுக்கு அடிப்படையே தெரியலேன்னு நொந்துபோய் எழுதினது. வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னே அதுல தலைப்புப் போட்டிருக்கு. சவேரியார் வழியில பிள்ளை பெத்தவங்களுக்குச் சொல்லணும். லுத்தர் வழியில பெத்தவங்க பிள்ளைக்குச் சொல்லணும். நேர் எதிர்!

ரெண்டாவது வழி கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பக்கம் பல வீட்டுல அப்பா சிங்கப்பூர்லயோ வளைகுடாவுலயோ இருக்கார். ஊர்ல இருக்குறவரும் கடலுக்குப் போய்க் கரையேறி, வலையைச் சரிபண்ணிட்டுப் படுக்கத்தான் நேரம். அப்புறம் எல்லாம் அம்மா தலையில. அப்ப மூணாவது ஆள் தேவைப்படுது.

அந்த மூணாவது வழிதான் ஞாயிறுப் பள்ளி. 1780ல் இங்கிலாந்து குளோஸ்டர் நகரத்துல ராபர்ட் ரெய்க்ஸ் என்கிற பத்திரிகைக்காரர் தொடங்கி வச்சுப் பரப்பினது. வாரம் ஆறு நாளும் ஊசி ஆலையில வேலை பார்த்த பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அதுல எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தாங்க. அது இந்தியாவுக்கும் வந்து, 1876ல் இந்திய ஞாயிறுப் பள்ளிச் சங்கம் அமைஞ்சது. ஏழைப் பிள்ளைக்கு எழுத்தறிவு கொடுத்தது பெரிய காரியம். ஆனா நாளாவட்டத்துல பெத்தவங்க "அது டீச்சர் பாடு"ன்னு ஒதுங்கிக்கவும் இதுவே வழியாயிடுச்சு.

நாலாவதா ஒருத்தர் இருக்கார், தஞ்சாவூர்ல. சுவார்ட்ஸ் ஐயர். அவர்கிட்ட வளர்ந்த ரெண்டு பேரைப் பாருங்க. ஒருத்தர் 1774ல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார். பன்னிரண்டு வயசுல சுவார்ட்ஸ் திருநெல்வேலியிலிருந்து கூட்டிட்டு வந்த பையன். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினவர். இன்னொருத்தர் சரபோஜி மன்னர். அவர் கடைசிவரை தன் சமயத்தை விடலை. ஆனா 1798ல் இறந்த குருவுக்கு இங்கிலாந்திலிருந்து பளிங்குச் சிற்பம் வரவழைச்சுத் தஞ்சாவூர் கோயில்ல வச்சார். மரணப் படுக்கையில இருக்குற குருவின் கையை மன்னர் பிடிச்சிருக்குற காட்சி அது. இன்னைக்கும் போய்ப் பார்க்கலாம். ஒரே ஆசிரியர், ரெண்டு முடிவு, ரெண்டு பேருக்கும் அதே பாசம். வகுப்புக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிப் பார்த்தா இந்தக் கணக்கு கிடைக்காது.

என் புத்திக்கு எட்டினதைச் சொல்றேன். கேள்வியும் பதிலும் தயாரா வச்சிருந்த காலம் போச்சு. பதினாறு வயசுப் பையனுக்கு இப்ப சொந்தமா கேள்வி இருக்கு. பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பனோட நோன்புக் கஞ்சி குடிக்கலாமா, கஜா புயல்ல எங்க படகு மட்டும் ஏன் உடைஞ்சது, சாதி பார்த்துப் பொண்ணு எடுக்குறாங்களே சபையில அது சரியா? இதெல்லாம் 1579 புத்தகத்துல இல்ல. ஒரு நோட்டுப் புத்தகத்தை வகுப்புல வச்சுப் பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்லலாம், பேர் போட வேண்டாம். மாசம் ஒருநாள் பெத்தவங்களையும் கூப்பிட்டு, அவங்க முன்னாடியே அந்தக் கேள்வியைப் படிக்கலாம். பதில் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிட்டு, சீகன்பால்கு மாதிரி பிள்ளைகளோட தரையில உட்கார்ந்துடலாம். மானம் ஒண்ணும் போயிடாது.

உங்க ஊர்ல இதை எப்படிச் சமாளிக்கிறாங்க? கோயில், பள்ளிவாசல், சர்ச் எதுவா இருந்தாலும் சரி, சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன்.