வீட்டுச் சிஎன்சி மரச் செதுக்கு இயந்திரம்: தொடக்கப் பிழைகளும் திருத்தமும்

கணினியில் வரைந்த உருவத்தை, சுழலும் பிட்டால் பலகையில் செதுக்கித் தரும் மேசையளவு இயந்திரம் வீட்டுச் சிஎன்சி ரவுட்டர் எனப்படுகிறது. எண்களால் இயக்கப்படும் வெட்டு இயந்திரத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952இல் இயக்கிக் காட்டியது. அப்போது பெரிய ஆலைகளுக்கு மட்டுமே எட்டிய நுட்பம் அது. நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் உருவாக்கிய ஜிஆர்பிஎல் என்னும் இலவச மென்பொருள், மலிவான அர்டுயினோ மின்சுற்றுப் பலகையிலேயே ஓடியதால், இந்த நுட்பம் வீட்டுப் பட்டறைக்கும் வந்தது.

இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலானவை ஸ்டெப்பர் மோட்டாரால் நகர்கின்றன. வழக்கமான மோட்டார் 200 படிகளில் ஒரு சுற்றை முடிக்கும். ‘இத்தனை படி போ’ என்ற கட்டளை மட்டுமே மோட்டாருக்குப் போகிறது. போனதா என்ற பதில் திரும்பி வருவதில்லை. பலகையைப் பிடித்திருக்கும் கிளாம்பில் பிட் முட்டி நின்றாலும், தான் சரியான இடத்தில் இருப்பதாகவே இயந்திரம் கணக்கிட்டு மீதி வேலையைத் தள்ளிச் செதுக்கும். தொடக்கப் பிழைகளில் பலவற்றுக்கு வேர் இதுவே.

உருவம் இடம் மாறுதல்

புதியவர்கள் அதிகம் தவிப்பது உருவம் இடம் மாறும்போதுதான். பெரும்பாலோர் உடனே மென்பொருள் அமைப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அது தவறான தொடக்கம். பிழை எப்படித் தோன்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் உருவம் சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு அதே விலகலோடு தொடர்ந்தால் மோட்டார் படி தவறியிருக்கிறது: மிகை ஆழம், மிகை வேகம், மழுங்கிய பிட், தண்டவாளத்தில் அடைத்த மரத்தூள் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். விலகல் சிறிது சிறிதாகக் கூடினால், மோட்டாரையும் திருகுதண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகு தளர்ந்திருக்கும். வட்டத்தின் நான்கு கால்பகுதி முனைகளில் தட்டையான சிறு வெட்டுத் தெரிந்தால், தண்டுக்கும் நட்டுக்கும் இடையே ஆட்டம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிழை வந்தால் கணினிக் கோப்பையோ, அந்த இடத்தில் வழிமறிக்கும் கிளாம்பையோ சந்தேகிக்கலாம்.

செதுக்கல் போகப் போக ஆழமாவது தனி வகை. மேல்நோக்கிச் சீவும் சுருள் பிட்டுகள் மரத்தால் கீழ்நோக்கி இழுக்கப்படும். பிட்டைப் பிடித்திருக்கும் கொலட் சரியாக இறுகாவிட்டால் பிட் மெல்ல வெளியே நழுவும். கொலட் விளிம்பில் பிட் மீது பேனாக் கோடு ஒன்று போட்டு ஓட்டினால், நழுவல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கொலட்டின் உட்புறத் தூசியைத் துடைப்பதே பெரும்பாலும் போதுமான மருந்து.

அளவு பிசகுதல்

உருவம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால், அங்குலமும் மில்லிமீட்டரும் மாறியிருக்கின்றன. கோப்பில் ஜி20 என்ற கட்டளை அங்குலத்தையும், ஜி21 மில்லிமீட்டரையும் குறிக்கும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு வந்தால், ஓர் அச்சின் திசை புரண்டிருக்கிறது.

100 மி.மீ. நகரச் சொன்னால் 98 மட்டுமே நகர்வது வேறு சிக்கல். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்தும் திருகுதண்டில், ஒரு படியை எட்டாகப் பிரிக்கும் மோட்டாருக்கு மில்லிமீட்டருக்கு 800 படி வேண்டும் (200 × 8 ÷ 2). ஜிஆர்பிஎல்லில் இது $100, $101, $102 என்ற இடங்களில் மூன்று அச்சுகளுக்கும் தனித்தனியே பதியப்படுகிறது. கணக்கு சரியாக இருந்தும் அளவு குறைந்தால், எண்ணை 816 என்று மாற்றிச் சமாளிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. திருகுதண்டு இயந்திரத்தில் இது கூடாது. தளர்ந்த திருகை எண்ணால் இறுக்க முடியாது. நாளை அது இன்னும் தளரும்.

பூஜ்யப் புள்ளியும் பலகை மட்டமும்

பிட்டை மாற்றிய பின் உயரத்தின் பூஜ்யத்தை மறுபடி வைக்க மறப்பது மிகப் பொதுவானது. வி-வடிவ பிட்டில் இது கடுமையாகத் தண்டிக்கும்: 90 பாகைப் பிட் அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால், கோடு ஒரு மில்லிமீட்டர் அகன்றுவிடும். பலகையின் ஒரு மூலையில் எழுத்து தடித்தும் மறுமூலையில் மெலிந்தும் இருந்தால், பலகையோ மேசையோ மட்டமாக இல்லை. மேசைமீது எம்டிஎஃப் அடிப்பலகை ஒன்றைத் திருகி, அதன் மேற்பரப்பை அந்த இயந்திரத்தாலேயே சீவிவிடுவது நிலையான தீர்வு.

கருகலும் பிசிறும்

வெட்டிய ஓரம் கருகினால் புதியவர் பயந்து நகரும் வேகத்தைக் குறைக்கிறார், கருகல் கூடுகிறது. ஒரே இடத்தில் நின்று தேய்க்கும் பிட் மரத்தைச் சீவுவதில்லை, சுடுகிறது. நகரும் வேகம் = சுழற்சி × பற்களின் எண்ணிக்கை × ஒரு பல் சீவும் தடிமன். நிமிடத்துக்கு 12,000 சுற்று, 2 பல், 0.05 மி.மீ. சீவல் என்றால், நிமிடத்துக்கு 1,200 மி.மீ. நகர வேண்டும். அந்த வேகத்தில் சட்டம் நடுங்கினால் சுழற்சியையும் அதே விகிதத்தில் வேகத்தையும் சேர்த்தோ, ஒருமுறை இறங்கும் ஆழத்தையோ குறைப்பதே முறை; 3 மி.மீ. பிட்டுக்கு 1 மி.மீ. ஆழம் நல்ல தொடக்கம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிட் விரைவில் மழுங்கும். மழுங்கிய பிட்டும் கருக்கும். பிளைவுட்டின் மேலடுக்கு பிசிறினால், கீழ்நோக்கி அழுத்தும் சுருள் பிட் உதவும்.

நடுவில் நின்றுபோதல்

கணினி உறக்க நிலைக்குப் போவது, தூசி உறிஞ்சும் குழாயில் சேரும் நிலைமின்சாரம், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மின்னிரைச்சல் ஆகியவை யுஎஸ்பி இணைப்பை அறுக்கும். குழாயை நிலத்தோடு இணைக்க வேண்டும். தரமான, குட்டையான யுஎஸ்பி கம்பி வேண்டும்.

புதிய கோப்பை முதலில் காற்றில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்: உயரப் பூஜ்யத்தை மரத்துக்கு 20 மி.மீ. மேலே வைத்து, ஸ்பிண்டிலை நிறுத்தி ஓட்டினால் கிளாம்பில் முட்டும் பாதை முன்பே தெரியும். ஆழமான செதுக்கலுக்கு இந்த இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். நின்று தேயும் பிட் தூளில் நெருப்பையும் பற்றவைக்கும். இயந்திரம் ஓடும்போது அறையை விட்டுப் போகாதீர்கள்; மின்சாரத்தை முழுதும் அறுக்கும் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.