திரவ நீரின் மூலக்கூறு அமைப்பில் வெப்பநிலையின் பங்கு: இரண்டாம் அண்டை வரிசையை முன்வைத்து

1. சிக்கல்

சூடேற்றினால் திரவங்கள் விரியும். நீரோ 0 டிகிரி செல்சியஸிலிருந்து 4 டிகிரி வரை சுருங்கி, அதன் பிறகே விரிகிறது. பனிக்கட்டியை ஒத்த மூலக்கூறுகள் திரவத்துக்குள் கரைந்திருக்கின்றன, வெப்பம் அவற்றைக் குறைக்கிறது என்று 1892இல் ரான்ட்கன் இதற்கு விளக்கம் தந்தார். அவர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து. தம் கருதுகோளைச் சோதிக்கப் பிறருக்குக் கருவியும் கொடுத்தவர் அவரே!

2. அறுபடும் பிணைப்புகள்

பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் நான்முகி வடிவில் கோத்திருக்கிறது. ஒரு மோல் பனியை உருக்க 6 கிலோஜூல் போதும். அதையே நேரடியாக ஆவியாக்க ஏறத்தாழ 51 கிலோஜூல் வேண்டும். உருகும்போது பெரும்பாலான பிணைப்புகள் பிழைத்துவிடுகின்றன என்பதற்கு இந்த வேறுபாடே போதிய சான்று. ஆனால் திரவத்தில் எந்தப் பிணைப்பும் நிலையானதன்று. ஒரு பிக்கோநொடி அளவில் அறுந்து, வேறொன்றாகக் கூடும். குறிப்பிட்ட வடிவத்தை நீர் நெடுநேரம் நினைவில் வைத்திருக்கும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

3. மாற்றம் நிகழும் இடம்

எக்ஸ் கதிர்ச் சிதறல் அளவீடுகளில், ஓர் ஆக்சிஜனிலிருந்து சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் முதல் அண்டை வரிசை தெரிகிறது. அதிலுள்ள மூலக்கூறுகள் நான்குக்குச் சற்று மேல். சூடேற்றினாலும் இந்த எண்ணிக்கை அதிகம் மாறுவதில்லை. உண்மையில் குலைவது 4.5 ஆங்ஸ்ட்ராமில் உள்ள இரண்டாம் வரிசை. மூன்று ஆக்சிஜன்கள் நான்முகிக் கோணத்தில் அமைந்தால்தான் அந்தத் தொலைவு கிடைக்கும். வெப்பநிலை ஏற ஏற அந்த முகடு மழுங்குகிறது. பிணைப்புகளின் எண்ணிக்கையை விடக் கோணங்களின் ஒழுங்கே முதன்மையானது என்பது என் துணிபு. கோணம் வளைந்தால் தள்ளி நின்ற மூலக்கூறுகள் இடைவெளிக்குள் நுழைகின்றன, நீர் சுருங்குகிறது. வழக்கமான வெப்ப விரிவு இதற்கு எதிராக வேலை செய்கிறது. 4 டிகிரியில் இரண்டும் சமமாகின்றன.

4. பிற தடயங்கள்

இந்தப் போட்டி 4 டிகிரியோடு ஓய்வதில்லை. நீரின் தன்வெப்பம் 35 டிகிரியை ஒட்டியும், அமுக்கத்தக்க தன்மை சுமார் 46 டிகிரியிலும் மிகக் குறைந்த அளவை எட்டுகின்றன. சூடேறினால் எளிதில் அமுங்குவதே திரவங்களின் இயல்பு. 46 டிகிரிக்குக் கீழே நீர் அதற்கு நேர்மாறு.

5. கருத்து வேறுபாடு

அறை வெப்பநிலையில் பெரும்பாலான மூலக்கூறுகளுக்கு இரண்டு வலுவான பிணைப்புகளே உண்டு என்று 2004இல் ஓர் ஆய்வு கூறியது. அதே ஆண்டில் மறுப்பும் வந்தது. மீக்குளிர் நீரில் அடர்த்தி கூடியது, குறைந்தது என இருவகைத் திரவங்களைப் பிரிக்கும் மாறுநிலைப் புள்ளி இருக்கலாம் என்பது 1992ஆம் ஆண்டுக் கணினி ஆய்வின் முன்மொழிவு. 2017இல் வெற்றிடத்தில் குளிர்ந்த நுண்துளிகளை எக்ஸ் கதிர் லேசரால் அளந்தபோது, அமுக்கத்தக்க தன்மை 229 கெல்வினில், அதாவது மைனஸ் 44 டிகிரியில், உச்சம் கண்டது. இது அம்முன்மொழிவோடு பொருந்துகிறது. ஆனால் அந்த உச்சத்தை மட்டும் வைத்து, அறை வெப்பநிலை நீரிலும் இருவகைத் திரவங்கள் தனித்தனியே கலந்திருக்கின்றன என்று முடிவு கட்ட இயலாது.