ஓசிக் காலண்டரும் ஓசிச் செய்தியும்

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தொங்குகிறது. காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. அட்டையில் பெயர் போட்டுக்கொண்ட ஜவுளிக்கடையோ நகைக்கடையோ அச்சுக்கூலியைக் கொடுத்துவிடுகிறது. பத்திரிகையின் கணக்கும் ஏறக்குறைய இதேதான்!

1878-ல் 'தி இந்து' வார இதழாக 80 பிரதிகளோடு தொடங்கியபோது ஒரு பிரதி நாலணா. 1995-ல் அது இணையத்துக்கு வந்தபோது வாசகருக்குச் செலவே இல்லை. விளம்பரம் தாங்கிவிடும் என்பதுதான் அன்றைய இணையப் பத்திரிகைகளின் பொதுவான நம்பிக்கை. ஆனால் அந்தப் பணம் கூகுள், ஃபேஸ்புக் பக்கம் போய்விட்டது. 2011-ல் 'நியூயார்க் டைம்ஸ்' சந்தா கேட்டது. பின்னர் 'தி இந்து'வும் கேட்டது.

கேட்டதில் தவறில்லை. கடைக்காரருக்குப் பிடிக்காத வரி காலண்டரில் இருக்காது. செய்தியில் இருந்தாக வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படிப்பட்ட செய்திக்கு எந்த விளம்பரதாரர் காசு கொடுப்பார்? வாசகர்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஆலைக்கு வேலைக்குப் போனவரின் வீட்டார், விபத்துச் செய்தியைச் சந்தா கட்டியா படிப்பார்கள்? டீக்கடையில் ஒருவர் வாங்கிய பேப்பரைத்தான் ஊரே படித்தது. அதுபோல முடிந்தவர்கள் சந்தா கட்டட்டும்; உயிர் சம்பந்தப்பட்ட செய்தி மட்டும் எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும்.