போரின்றிப் பெற்ற நகரம்

சிலுவைப் போர்கள் என்றவுடன் குதிரைகளின் குளம்பொலியும் வாட்களின் ஓசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது இயல்பே. போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் 1095-ஆம் ஆண்டில் விடுத்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட படைகள், 1099 ஜூலை 15-ஆம் நாள் ஜெருசலேம் நகரைக் கைப்பற்றின. முஸ்லிம்களும் யூதர்களும் பெருந்தொகையினராகக் கொன்று குவிக்கப்பட்டனர். 1187-இல் சுல்தான் சலாவுதீன் அந்நகரை மீட்டார். அவர் பழிக்குப் பழி வாங்கவில்லை. மீட்புப் பணம் செலுத்தியோரை வெளியேற விடுத்தார். ஆயினும், பணம் செலுத்த இயலாத ஏழைகளுள் பல்லாயிரவர் அடிமைகளாயினர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்ச்சியை இங்கே கூற விழைகின்றேன்.

அரபுக் கல்வி தழைத்திருந்த சிசிலித் தீவில் வளர்ந்தவர் பேரரசர் இரண்டாம் பிரெடரிக். சிலுவைப் போருக்குச் செல்லத் தாமதித்தார் என்று 1227-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகொரி அவரைத் திருச்சபையினின்றும் விலக்கினார். விலக்கப்பட்டவராகவே அவர் மறு ஆண்டு பாலஸ்தீனம் சேர்ந்தார். அவரிடம் பெரும்படை இல்லை. எதிரே நின்ற எகிப்துச் சுல்தான் அல்-காமிலோ, டமாஸ்கஸை ஆண்ட தம் உடன்பிறந்தார் மகனோடு பகைத்து நின்றார். இருவருக்கும் போர் வேண்டியதில்லை. தூதர்கள் சென்று மீண்டனர். 1229 பிப்ரவரி 18-இல் உடன்படிக்கை எழுந்தது. ஜெருசலேமும் பெத்லகேமும் நாசரேத்தும் கிறிஸ்தவர்க்கு. பாறைக் குவிமாடமும் அல்-அக்ஸா பள்ளிவாசலும் முஸ்லிம்களுக்கு. பத்தாண்டுகளுக்குப் போர் இல்லை.

இதனை உலகம் போற்றியதா? இல்லை. ஜெருசலேமின் கிறிஸ்தவத் தலைமைக்குரு அந்நகரில் வழிபாட்டையே தடை செய்தார். ஆக்கர் துறைமுகத்தில் கப்பலேறச் சென்ற பேரரசர்மீது மக்கள் இறைச்சிக் கழிவுகளை வீசினர். டமாஸ்கஸ் பள்ளிவாசலில் சுல்தானைக் கண்டித்துப் பேருரை நிகழ்ந்தது. கேட்டோர் கண்ணீர் விட்டனர். தவணை முடிந்தபின் அமைதி குலைந்தது. 1244-இல் குவாரிஸ்மியக் குதிரைப் படையினர் நகரைச் சூறையாடினர்.

மாணவ நண்பர்களே, அவ்விரு மன்னரையும் சான்றோர் என்று நான் கூறவில்லை. தத்தம் நெருக்கடியே அவர்களைச் சமாதானத்திற்குத் தள்ளியது. இரு சமயங்களின் போர் என்று எளிதாகக் கூறிவிடுகின்றோம். ஆனால், போப்பாண்டவருக்கும் பேரரசருக்கும் இருந்த பகையையும், ஒரே குலத்துச் சுல்தான்களிடையே மூண்ட பூசலையும் விடுத்து அவ்வரலாறு விளங்காது. அன்றி, பகிர்ந்து வாழ்தல் இயலும் என்பதை 1229 காட்டிற்று. மக்கள் உள்ளம் இசையாத உடன்படிக்கை நிலையாது என்பதை 1244 காட்டிற்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே வரலாற்றைப் படிப்பதாகும்.