நுழைவுத்தேர்வும் பன்னிரண்டாம் வகுப்பின் நாட்காட்டியும்

1887 நவம்பரில் ராஜ்கோட்டைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் தனியாக அகமதாபாத்துக்குப் பயணம் செய்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு அக்காலத்தில் பம்பாய், அகமதாபாத் என இரண்டே மையங்கள் இருந்தன. கத்தியவார்ப் பகுதி மாணவர்களுக்கு அகமதாபாத்தே அருகில் இருந்தது, செலவும் குறைவு. அத்தேர்வில் தேறிய மோகன்தாஸ் காந்தி என்னும் அம்மாணவர் 1888 ஜனவரியில் பாவ்நகரின் சமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1903 டிசம்பரில், சீனிவாச ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதி, 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குச் சென்றார். இருவரின் வாழ்க்கை வரலாறுகளிலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் செய்திகள்தாம் இவை. ஆயினும் தேர்வுகளின் வரலாற்றைத் தேடுவோருக்கு இவற்றில் ஒரு நாட்காட்டி தெரிகிறது. ஆண்டின் இறுதியில் ஒரு தேர்வு. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கல்லூரி. பள்ளிப் படிப்பு முடிந்ததைச் சொன்ன தேர்வே கல்லூரியின் கதவையும் திறந்தது. கடைசிப் பள்ளி ஆண்டுக்குள் இன்னொரு தேர்வுக்கு இடம் தேட வேண்டிய தேவை எழவில்லை.

இந்த ஒருமையைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857இல் தன் முதல் தேர்வை 'என்ட்ரன்ஸ்' என்றே அழைத்தது. அதனை எழுதியவர்கள் 244 பேர். வங்காளத்தில் 'என்ட்ரன்ஸ் பாஸ்' என்றால் பள்ளிப் படிப்பை முடித்தவர் என்று பொருள். பம்பாயும் சென்னையும் கையாண்ட 'மெட்ரிகுலேஷன்' என்னும் சொல், பதிவேட்டைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லிலிருந்து பிறந்தது. பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் பெயர் ஏறுவதே அதன் நேர்ப்பொருள். இன்று தமிழ்நாட்டில் மெட்ரிகுலேஷன் என்பது ஒருவகைப் பள்ளியின் பெயர். என்ட்ரன்ஸ் என்பதோ பள்ளிக்கு வெளியே, பள்ளியைப் பொருட்படுத்தாமல் நடக்கும் தேர்வு. வாசலைக் குறித்த ஒரு சொல் பள்ளிக்குள் தங்கிவிட, மற்றொன்று வெளியேறிவிட்டது. இவ்விரு சொற்களும் பிரிந்த வழியேதான் தேர்வுகளும் பிரிந்தன.

அந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாகக் கருத இடமில்லை. பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வு என்பதனால் உயர்நிலைப் பள்ளியின் பாடத்திட்டம் முழுவதும் பல்கலைக்கழகத்தின் நிழலிலேயே கிடந்தது. 1917 முதல் 1919 வரை செயல்பட்ட சாட்லர் குழு இதனைக் கண்டே, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்குமான எல்லைக்கோட்டை இண்டர்மீடியட்டுக்குப் பிறகு வரைய வேண்டும் என்றும், இடைநிலைக் கல்விக்குத் தனி வாரியங்கள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஐக்கிய மாகாணத்தில் 1921இல் அத்தகைய வாரியம் தோன்றியது. 1929இல் ராஜபுதனத்தை மையமாகக் கொண்டு தோன்றிய வாரியமே 1952இல் சி.பி.எஸ்.இ. என்னும் பெயரைப் பெற்றது. பள்ளித் தேர்வு பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து விலகியது நன்மைக்கே. ஆனால் தனக்கு வரும் மாணவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை கல்லூரிக்கு உண்டா, அல்லது வாரியத்தின் மதிப்பெண்ணை அது ஏற்றாக வேண்டுமா என்ற வினாவும் அப்பொழுதே பிறந்துவிட்டது.

விடுதலைக்குப் பின் அவ்வினாவுக்கு முதலில் விடை தந்தவை ஐ.ஐ.டி.கள். நாடெங்கும் பல வாரியங்கள், பல அளவுகோல்கள். ஒரு வாரியத்தின் எழுபது மற்றொன்றின் எழுபதுக்கு நிகராகாது. இச்சிக்கலுக்குத் தீர்வாக 1960களின் தொடக்கம் முதல் அவை பொது நுழைவுத்தேர்வை நடத்தின. மருத்துவத்தில் இதே தீர்வு நீதிமன்றத்தின் வழியே வந்தது. பிரதீப் ஜெயின் வழக்கில் 1984இலும் தினேஷ் குமார் வழக்கில் 1986இலும் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தொடர்ந்து, அனைத்திந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கான நுழைவுத்தேர்வு 1988இல் தொடங்கியது. தமிழ்நாடும் தொழிற்கல்விக்கு 1984இல் நுழைவுத்தேர்வைக் கொண்டுவந்து, 2006இல் இயற்றிய சட்டத்தால் அதனை நீக்கியது. இவற்றுக்கிடையே கோத்தாரி குழுவின் வழிவந்த 10+2 அமைப்பு நிலைபெற்றது. அதன்கீழ் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பொதுத்தேர்வு சி.பி.எஸ்.இ.யில் 1979இலும் தமிழ்நாட்டில் 1980இலும் நடந்தது. பள்ளியின் முடிவும் கல்லூரியின் வாசலும் ஒரே ஆண்டின் மேல் வந்து அமர்ந்தன.

அப்போதும் நாட்காட்டி பெரிதாக முட்டவில்லை. பொதுத்தேர்வு மார்ச்சில் நடக்கும். நுழைவுத்தேர்வு கோடையில் வரும். இடையே சில வாரங்கள் மூச்சுவிடக் கிடைத்தன. பயிற்சி மையங்களின் 'கிராஷ் கோர்ஸ்' வணிகம் அந்த இடைவெளியில்தான் செழித்தது என்பது வேறு கதை. 2006 முதல் 2012 வரை ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வு ஏப்ரல் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது இடைவெளி சுருங்கியது, ஆயினும் இருந்தது.

தேதிகளை யார் குறித்தார்கள் என்று பார்த்தால் கதையின் போக்கு தெளிவாகும். மிருதுள் தர் வழக்கில் 2005இல் அளித்த தீர்ப்பில், மருத்துவச் சேர்க்கைக்கான கால அட்டவணையை மாநிலங்களும் கல்லூரிகளும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்ட் 1 வகுப்புத் தொடக்கம்; செப்டம்பர் 30 சேர்க்கையின் கடைசி நாள். பணம் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியே காலந்தாழ்த்திச் சேர்ப்பதைத் தடுப்பதற்கு அக்கண்டிப்பு தேவைப்பட்டது. ஆகஸ்ட் 1இலிருந்து பின்னோக்கிக் கலந்தாய்வுச் சுற்றுகளையும் முடிவு வெளியீட்டையும் விடைத்தாள் திருத்தத்தையும் கழித்துக்கொண்டே வந்தால் மே மாதத் தொடக்கம் வந்து நிற்கும். நீட் தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிற்றுக்கிழமையில் விழுவதன் பின்னணி இதுவே. பள்ளியில் பாடம் எப்போது முடிகிறது என்பது இக்கணக்கில் எங்கும் நுழைவதில்லை.

பிரிந்த இரண்டையும் மீண்டும் சேர்த்துக்கட்டும் முயற்சி ஒன்றும் நடந்தது. 2013இல் ஏ.ஐ.இ.இ.இ. தேர்வின் இடத்தில் ஜே.இ.இ. மெயின் வந்தபோது, தரவரிசையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு இடம் தரப்பட்டது. மாணவரைப் பள்ளியோடு பிணைத்துவைப்பதே அதன் நோக்கம். நடைமுறையிலோ எல்லா வாரியங்களின் மதிப்பெண்களும் வந்துசேர்ந்து சமன்செய்யப்படும்வரை தரவரிசை காத்துக்கிடந்தது. 2017இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. நல்ல நோக்கமுடைய ஒரு சீர்திருத்தம் நாட்காட்டியிடம் தோற்ற நிகழ்வு இது. கல்விக் கொள்கை ஆய்வுகளில் இதற்கு இன்னும் அதிக இடம் தரப்பட வேண்டும்.

அதன் பிறகே பெரிய மாற்றம் வந்தது. 2017இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற தேசியத் தேர்வு முகமை, 2019 முதல் ஜே.இ.இ. மெயின் தேர்வை ஜனவரி, ஏப்ரல் என ஆண்டுக்கு இருமுறை நடத்தத் தொடங்கியது. ஒரே நாளில் விதி முடிவாகும் அச்சத்தைக் குறைப்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது பொய்யான காரணமும் அன்று. காய்ச்சலோடு தேர்வறைக்குச் சென்ற மாணவருக்கு இரண்டாம் வாய்ப்பு பெரிய ஆறுதல். ஆனால் நுழைவுத்தேர்வு பள்ளி ஆண்டின் உள்ளே நிலையான இடம் பிடித்தது. ஜனவரியில் பெரும்பாலான பள்ளிகளில் பாடங்கள் முடிந்தும் முடியாத நிலை. செய்முறைத் தேர்வுகளும் திருப்புதல் தேர்வுகளும் நடக்கும் காலம். அந்நேரத்தில் முழுப் பாடத்திலும் ஆயத்தமாக இருப்பவர், பள்ளிக்கு வெளியே முன்கூட்டியே பாடத்தை முடித்தவர். முதல் வாய்ப்பு அவருக்கு வாய்ப்பாகவும், பள்ளியை மட்டுமே நம்பியவருக்கு ஒத்திகையாகவும் அமைகிறது. 2018 ஜூலையில் நீட் தேர்வும் இருமுறை நடக்கும் என்று அறிவிக்கப்பட்டு, அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. மாணவரின் சுமை கூடும் என்ற கவலை அங்கே எடுபட்டது, பொறியியலில் எடுபடவில்லை.

பெருந்தொற்று இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பை வெளிச்சமிட்டுக் காட்டியது. 2021 ஜூன் 1 அன்று சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டில் ஜே.இ.இ. மெயின் நான்கு அமர்வுகளாக நடந்து முடிந்தது. நீட் செப்டம்பர் 12 அன்று நடந்தது. கைவிடத்தக்க தேர்வு எது, கைவிட முடியாதது எது என்பதில் அதன்பின் ஐயம் எஞ்சவில்லை. 2022இல் ஜே.இ.இ. முதல் அமர்வுக்கு ஏப்ரல் 16 முதல் என்று தேதி குறித்தார்கள். பொதுத்தேர்வுகளோடு மோதியதால் ஏப்ரல் 21க்கு மாற்றினார்கள். பின்னர் ஜூனுக்கே கொண்டுசென்றார்கள். அவ்வாண்டு அறிமுகமான க்யூட் தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கையில் வாரிய மதிப்பெண்ணின் இடத்தை எடுத்துக்கொண்டது. நூற்றுக்கு நூறு என்று எகிறிய வெட்டுமதிப்பெண்களின் அபத்தத்துக்கு முடிவுகட்டியது அதன் நற்பயன். தில்லிப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வகுப்புகள் நவம்பர் 2 அன்றுதான் தொடங்கின என்பது அதன் விலை. 2023 ஜனவரி அமர்வைத் தள்ளிவைக்கக் கோரிய மனு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வை நிறுத்தத் தயங்குவது நீதிமன்றத்துக்கு இயல்பே. ஆனால் இரண்டு தேர்வு அமைப்புகள் முன்கூட்டியே கலந்துபேசி முடித்திருக்க வேண்டிய ஒன்று நீதிமன்றப் படிவரை சென்றது.

இவ்வளவு தேதிகளுக்கும் நடுவே மாணவரும் பெற்றோரும் தமக்கெனக் கண்டுபிடித்த வழிக்கு 'டம்மி பள்ளி' என்று பெயர். பெயர் ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கும்; ஆள் கோட்டாவிலோ தில்லியிலோ பயிற்சி மையத்தில் இருப்பார். நாட்காட்டிகள் ஒத்துப்போகாதபோது அவற்றுள் ஒன்றைக் கிழித்துவிடுகிறார்கள். கிழிபடுவது பள்ளியின் நாட்காட்டி. பதிவேட்டில் பெயர் ஏறுவதையே குறித்த மெட்ரிகுலேஷன் என்னும் சொல்லுக்கு இதைவிடக் கசப்பான பிற்காலப் பொருள் கிடைக்காது. சி.பி.எஸ்.இ. விதிப்படி 75 விழுக்காடு வருகை கட்டாயம். 2024 செப்டம்பரில் ராஜஸ்தானிலும் தில்லியிலும் திடீர் ஆய்வு நடத்திய வாரியம், நவம்பரில் 21 பள்ளிகளின் இணைப்பை நீக்கியது. மேலும் ஆறு பள்ளிகளை மேல்நிலையிலிருந்து உயர்நிலைக்கு இறக்கியது.

தண்டனை பள்ளிகளுக்கு வந்தது. நாட்காட்டி அப்படியே இருந்தது. அடுத்த 2025ஆம் ஆண்டில் சி.பி.எஸ்.இ. செய்முறைத் தேர்வுகள் ஜனவரி 1 அன்றும், ஜே.இ.இ. முதல் அமர்வு ஜனவரி 22 அன்றும், எழுத்துத் தேர்வுகள் பிப்ரவரி 15 அன்றும் தொடங்கின. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தாள் ஏப்ரல் 4 அன்று நடந்தபோது, ஜே.இ.இ. இரண்டாம் அமர்வு தொடங்கி இரண்டு நாட்கள் ஆகியிருந்தன.