தரை டிக்கெட்டின் ஆவணங்கள்: குமாரபாளையத்திலிருந்து சில குறிப்புகள்

தமிழ் சினிமா வரலாறு என்று நம்மிடம் இருப்பதெல்லாம் படங்களின் வரலாறுதான். எந்தப் படம், எந்த வருஷம், யார் டைரக்‌ஷன், யார் பாட்டு. பிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுசு முழுக்கச் சேர்த்த விவரங்களை வைத்து 2004இல் வெளிவந்த பெரிய தொகுப்பைப் பிரித்தால் இவையெல்லாம் கிடைக்கும். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் அந்தப் படம் எந்தக் கூரையின் கீழே, மணலிலா பெஞ்சிலா, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து பார்க்கப்பட்டது என்று கேட்டால் அதிலே பதில் இல்லை. கொட்டகை ஏதோ படத்தைப் போட்டுக் காட்டுகிற காலிப் பெட்டி என்பதுபோலவே நமது விமர்சனங்களும் ஓடியிருக்கின்றன. இடதுசாரிகள் படத்தின் சித்தாந்தத்தைத் தோண்டினார்கள். திராவிட இயக்க ஆய்வாளர்கள் வசனத்தை எண்ணினார்கள். அழகியல்வாதிகள் இரண்டையும் பார்த்து முகம் சுளித்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்கிறேன். கா. சிவத்தம்பி 1981இலேயே பார்த்தார். கோயிலும் கூத்துக்களமும் சாதி வரிசைப்படி ஆளை நிறுத்திய சமூகத்தில், காசு கொடுத்தவன் எவனும் ஒரே கூரைக்குள் நுழையலாம் என்று ஆன முதல் இடம் சினிமாக் கொட்டகை என்பது அவருடைய வாதம். அதே ஆண்டில் வந்த தியடோர் பாஸ்கரனின் ஆங்கில நூல் நாடக மேடையிலிருந்தும் மௌனப் படத்திலிருந்தும் கதையைத் தொடங்கியது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரை, தமிழ் மேட்டுக்குடிகள் சினிமாவைக் கண்டு ஏன் பதறினார்கள் என்று கேட்டது. ஸ்டீபன் ஹ்யூஸ் சென்னைக் கொட்டகைகளின் ஆரம்ப வருஷங்களைத் தேடிப் போனார். இருந்தாலும் இவையெல்லாம் பெரும்பாலும் சென்னையை, அல்லது தமிழ்நாடு என்கிற மொத்தத்தைப் பற்றிய பேச்சு. குமாரபாளையம் மாதிரி ஒரு தறி ஊரிலிருந்து ஆரம்பித்தால் கேள்விகளே வேறாகிவிடுகின்றன.

காவிரியின் இந்தக் கரையில் குமாரபாளையம், அந்தக் கரையில் பவானி. நடுவே பாலம். நடந்தே போய்விடலாம். ஆனால் ஆறு வெறும் ஆறு அல்ல, நிர்வாக எல்லை. வெள்ளைக்காரன் காலந்தொட்டு இந்தக் கரை சேலம் ஜில்லா, அந்தக் கரை கோயம்புத்தூர் ஜில்லா. 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது பவானி அதற்குள் போயிற்று. பின்னால் அதுவே ஈரோடு மாவட்டம் ஆனது. குமாரபாளையம் 1997 ஜனவரியில் நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்தது. சினிமா வியாபாரத்தில் இந்த எல்லை இன்னும் கெட்டியானது. விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை 'ஏரியா'க்களாக வெட்டிப் படத்தை விற்கிறார்கள்: கோவை ஏரியா, சேலம் ஏரியா, மதுரை - ராமநாதபுரம், திருச்சி - தஞ்சாவூர் என்று. ஜில்லாக்கள் எத்தனை துண்டாகப் பிரிந்தாலும் படப்பெட்டி பழைய ஜில்லாவின் கோட்டைத்தான் மதித்தது. ஆக, பவானிக்கு வரும் பிரிண்ட் ஒருத்தருடைய சொத்து, குமாரபாளையத்துக்கு வரும் பிரிண்ட் இன்னொருத்தருடைய சொத்து. பெட்டி பாலம் தாண்டக் கூடாது, ஆள் தாண்டலாம். தறிக்காரன் டவுசரோடு அந்தக் கரைக்குப் படம் பார்க்கப் போவதை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை. காலனிய வரைபடம் பாமர ரசனைக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1937இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அதே 1937இல்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் 'சதி அகல்யா' வந்தது. இதில் ஏதோ விதி இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மாடர்ன் தியேட்டர்ஸை 1935இல் ஆரம்பித்த டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டில் பிறந்தவர், நூல் வியாபாரக் குடும்பம், இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), நூற்றுக்கு மேலே படங்கள் என்று அந்த ஸ்டுடியோவின் கதையைச் சொல்கிறவர்கள், அவர் ஸ்டுடியோவை ஓர் ஆலை மாதிரி நடத்தினார் என்பதை வியப்போடு சொல்வார்கள். வியக்க என்ன இருக்கிறது? நூல் பணம், நூல் புத்தி. கோயம்புத்தூர் ஸ்டுடியோக்களிலும் ஆலை முதலாளிகளின் பணம் விழுந்தது. கொங்குப் பகுதியில் சினிமா பருத்தியின் பங்காளி. தறியை ஓட்டிய அதே கம்பிதான் டாக்கீஸையும் ஓட்டியது. மின்சாரம் வராத ஊர்களில் டூரிங் கொட்டாய்க்காரன் ஆயில் எஞ்சினைக் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தான்.

சரி, இந்த வரலாற்றை எங்கே போய்த் தேடுவது?

தமிழ்நாட்டில் அரசாங்கம் இவ்வளவு அக்கறையோடு அளந்து எழுதி வைத்த பொதுக் கட்டடம் சினிமாக் கொட்டகையைப்போல் அதிகம் இருக்காது. 1918ஆம் வருஷத்து சினிமாட்டோகிராப் சட்டம் காலத்திலிருந்தே லைசென்ஸ் உண்டு. 1955இல் சென்னை மாகாண சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1957இல் அதன் விதிகள். லைசென்ஸ் கொடுக்கிறவர் கலெக்டர். நிரந்தரம், அரை நிரந்தரம், டூரிங் என்று கொட்டகைகளுக்கே ஒரு வர்ண வரிசை. எத்தனை கதவு, வழி எத்தனை அகலம், ஆபரேட்டர் அறைச் சுவர் தீப்பிடிக்காததா, கக்கூஸ் எத்தனை, எந்த வகுப்பில் எத்தனை ஆள் என்று உடல்களை எண்ணி அடைத்து வைக்கும் எழுத்து. பூக்கோவைப் படித்துவிட்டு சிறைச்சாலையையும் ஆஸ்பத்திரியையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நமது நண்பர்கள் ஒரு தடவை தியேட்டர் லைசென்ஸ் பைலைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஆனால் அந்த எழுத்து அதிகாரத்தின் எழுத்து மட்டுமல்ல. புதுக் கொட்டகைக்குத் தடையில்லாச் சான்று கேட்டால், ஆட்சேபணை உண்டா என்று ஊராரைக் கேட்கவேண்டும். நிரந்தரத் தியேட்டருக்கு இத்தனை தூரத்துக்குள் டூரிங் வரக்கூடாது என்றும் விதி. ஆகவே போட்டிக் கொட்டகைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கோயில், பள்ளிக்கூடம் என்று மனுக்கள் குவியும். ஓர் ஊர் தன்னை 'ஒழுக்கமான ஊர்' என்று எப்படி வர்ணித்துக்கொள்கிறது, எந்தத் தெருவை அசுத்தம் என்கிறது, எந்தச் சாதியின் வீடுகளைப் பெயர் சொல்லாமல் சுட்டுகிறது என்பதெல்லாம் அந்த மனுக்களில்தான் இருக்கும். நாவலாசிரியர்களும் கவனிக்கலாம்.

இந்த பைல்கள் சாகா வரம் பெற்றவையல்ல. அரசு அலுவலகத்தில் ஒரு பைலை முடிக்கும்போதே அதன் ஆயுசையும் எழுதிவிடுவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்து வருஷம், எல்.டிஸ். என்றால் ஒரே வருஷம். பிறகு கிழித்துவிடலாம். வரலாற்றில் எது இருக்கவேண்டும் என்பதை எந்தப் பேராசிரியரும் முடிவு செய்வதில்லை, அந்த செக்‌ஷன் கிளார்க்தான் முடிவு செய்கிறார். மாவட்டம் பிரிகிற ஒவ்வொரு தடவையும் கட்டுகள் லாரியில் ஏறி இறங்குகின்றன. குமாரபாளையத்துக் கொட்டகைகளைத் தேடுகிறவர் நாமக்கல்லோடு நின்றுவிடாமல் சேலத்துக்கும் போகவேண்டும். பவானிக்கு என்றால் ஈரோட்டோடு கோயம்புத்தூருக்கும். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தை ஊழல் அம்பலப்படுத்தவே நம் தோழர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு பழைய டூரிங் லைசென்ஸ் நகல் கேட்கவும் அதே மனு போதும்.

இன்னொரு தடம் வரி. ராஜாஜி மந்திரிசபை 1939இல் கேளிக்கை வரிச் சட்டம் கொண்டுவந்தது. சினிமா என்றாலே ஆகாதவர் அதிலிருந்தே கஜானாவுக்கு வழி கண்டார் என்பது தனி வேடிக்கை. பிற்காலத்தில் அந்த வரியின் பெரும்பங்கு உள்ளாட்சிகளுக்குப் போனது. ஒரு தறி ஊரின் தெருவிளக்கிலும் சாக்கடையிலும் தரை டிக்கெட்காரனின் காசு இருக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய வரி போய், உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று தனிச் சட்டம் வந்தது. நகராட்சி வரவு செலவுக் கணக்குகளையும் புரட்டவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காகிதம் பேசாத இடத்தில் ஆட்களைத்தான் கேட்கவேண்டும். ஆபரேட்டர், போஸ்டர் ஒட்டியவர், முறுக்கு விற்றவர், சைக்கிள் ஸ்டாண்டு எடுத்தவர். முதலாளி வீட்டில் கேட்டால் தாத்தா கட்டிய கதை கிடைக்கும், அடிக்கல் போட்டோ கிடைக்கும். அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதோடு நின்றால் நாம் எழுதுவது குடும்ப மலர். வாய்மொழியில் ஒரு சிக்கல் உண்டு. ஜனங்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், படம் சொல்வார்கள்: "நாடோடி மன்னன் வந்தப்பதான் கீத்த பிரிச்சுப்போட்டு ஓடு போட்டாங்க." 'நாடோடி மன்னன்' 1958 என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டால் வரலாறு கோணலாகிவிடும். அன்றைக்கு பிரிண்டுகள் சொற்பம். பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் பெட்டி சின்ன ஊருக்கு வரும். டூரிங்குக்கு வரும்போது மழையாகக் கோடு விழுந்திருக்கும். அந்த இடைவெளி மாதக்கணக்காகவும் இருக்கலாம், வருஷக்கணக்காகவும் இருக்கலாம். சென்னையின் காலமும் குமாரபாளையத்தின் காலமும் ஒன்றல்ல. புதுப்படம் எல்லா ஊரிலும் ஒரே நாளில் என்பது, 2010களில் பிலிம் போய் டிஜிட்டல் வந்தபின் சாதாரணமாகிவிட்ட சங்கதி. நாள் குறிக்கப் பழைய நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் உதவும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன.

இனி சிவத்தம்பியிடம் திரும்பலாம். ஒரே கூரை என்பது சரி. ஆனால் கூரைக்குள்ளே தரை, பெஞ்சு, சேர் என்று பிரித்தாகிவிட்டது. பெண்களுக்குத் தடுப்புச்சுவர் வைத்துத் தனிப்பக்கம். விலைதான் பிரித்தது, சாதி அல்ல என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொங்கில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது; நிலம் இருந்தவன் யார், கூலிக்காரன் யார் என்பதும் தெரிந்ததே. அப்படியிருக்க தரை டிக்கெட்டின் விலைக்குள்ளே சாதி ஒளிந்துகொள்ளாமல் எங்கே போகும்? இருந்தும் சிவத்தம்பி சொன்னதில் உண்மை மிச்சமிருக்கிறது. டீக்கடையில் குவளையை மாற்றிக் கொடுத்தவனால் இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவனைத் தள்ளி உட்காரச் சொல்ல முடியவில்லை. கையில் காசு கூடினால் பெஞ்சுக்குப் போகலாம். கோயிலில் அப்படி முடியாது. இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் நுணுக்கமாக எழுதவேண்டும். சமத்துவக் கூடம் என்று கொண்டாடினாலும் பொய், முதலாளித்துவ மயக்கம் என்று ஒதுக்கினாலும் பொய்.

காசு என்று சொன்னேனே, அந்தக் காசு எங்கிருந்து வந்தது? கீர்ட் டி நெவே என்கிற மானிடவியலாளர் 1990களின் நடுவில் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1999இல் வெளிவந்த அவரது கட்டுரை 'பாக்கி' பற்றியது. தறி முதலாளி ஆளைப் பிடித்து வைக்க முன்பணம் கொடுக்கிறார், அதுவே 'பாக்கி'. அது கொத்தடிமையின் புது உருவம் மட்டும்தானா, தொழிலாளியும் அதை வைத்துப் பேரம் பேசுகிறானே, ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவரிடம் தாவுகிறானே என்று அவர் வாதிட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, வாரக் கூலி, தலைக்குமேல் பாக்கி. இரண்டாம் ஆட்டம் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கவேண்டும். சினிமாத் தொழிலே அட்வான்ஸில் ஓடுவதுதான்: தியேட்டர்காரர் விநியோகஸ்தருக்கு, விநியோகஸ்தர் தயாரிப்பாளருக்கு, கேண்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும் எடுத்தவர் தியேட்டர்காரருக்கு. தறிக்கூடத்தில் அட்வான்ஸ் மேலிருந்து கீழே வந்து ஆளைக் கட்டிப்போட்டது. கொட்டகையில் அது கீழிருந்து மேலே ஏறிப் படத்தைக் கட்டிப்போட்டது.

பெண்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். வீட்டிலும் பட்டறையிலும் தார் சுற்றியவர்கள் அவர்கள்தான். தன் கைக்கூலியில் டிக்கெட் எடுத்தவள் எத்தனை பேர், யார் துணையோடு போனாள், எந்த ஆட்டத்துக்குப் போனாள் என்பதைக் கேட்கவேண்டும். ஆண்கள் இல்லாத நேரத்தில் கேட்கவேண்டும். 1975இல் சென்னைத் தொலைக்காட்சியும் 1993இல் சன் டிவியும் வந்தபோது கொட்டகையிலிருந்து முதலில் விலகியவர்கள் பெண்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். அவர்கள் விலகினார்களா, வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் தப்பிய டி.சி.ஆர். கட்டு எங்காவது ஒரு கேபின் பரணில் கிடைத்தால், அது போதும், ஆறுமாத வேலை. தினசரி வசூல் அறிக்கை: தேதி, ஆட்டம், வகுப்புவாரியாகக் கிழிந்த டிக்கெட் முதல் எண்ணும் கடைசி எண்ணும், வரி, பங்கு. வருஷம் ஒன்றை எடுத்து, கூலி போட்ட நாளையும் ஆடி நோன்பியையும் நூல் விலை ஏறித் தறி நின்ற வாரங்களையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, தரை டிக்கெட் எண்களை மட்டும் தனியாக எழுதிப் பார்க்கலாம். பெஞ்சும் சேரும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்க, தரை மட்டும் எந்தெந்த வாரங்களில் விழுகிறது என்று பார்க்கவேண்டும்.