இலக்குவன் முகத்தில் இராமன் மனம்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அதே மாத இறுதியில், இந்தியாவின் தூர்தர்சன் தொலைக்காட்சி தன்னுடைய பழைய இராமாயணத் தொடரை மறுபடியும் ஒளிபரப்பத் தொடங்கியிருக்கிறது என்ற செய்தியைப் படித்தேன். நானும் அத்தொடரை இணையத்தில் தேடிப் பிடித்து, மலாக்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தேன். இராமன் காடேக வேண்டும் என்று கைகேயி கூறும் காட்சி முடிந்ததும் என் மகள் கேட்டாள்:

"அப்பா, இராமருக்குக் கோபமே வராதா?"

எளிய கேள்விதான். ஆனால் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பல நாள் சிந்தித்த பிறகு கிடைத்த விடையையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தோட்டத்துக்கு வந்த ஒளிநாடா

இராமானந்த் சாகர் இயக்கிய அத்தொடர் 1987 ஜனவரி 25ஆம் நாள் தொடங்கி 1988 ஜூலை 31ஆம் நாள் வரை, ஞாயிறு காலைகளில் 78 பகுதிகளாக ஒளியேறியது. அருண் கோவில் இராமனாகவும் சுனில் லாஹிரி இலக்குவனாகவும் நடித்தனர். வால்மீகி, துளசிதாசர் முதலானோரின் காப்பியங்களோடு நம் கம்பனின் காப்பியத்தையும் தமக்கு ஆதாரமாகக் கொண்டதாகத் தயாரிப்பாளர்கள் தொடரிலேயே குறிப்பிட்டிருந்தார்கள்.

அப்பொழுது நான் சிறுவன். ஜாசின் வட்டாரத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. லயத்தில் ஒளிநாடாக் கருவி வைத்திருந்த ஒரே வீட்டில், வாடகைக்கு எடுத்து வந்த ஒளிநாடாக்களைப் போட்டுப் பார்ப்போம். வாசல் வரை ஆள்கள் நிறைந்திருப்பார்கள். உரையாடல் முழுவதும் இந்தி. அங்கிருந்த எவருக்கும் ஒரு சொல்கூட விளங்காது. ஆயினும் கதை எல்லாருக்கும் தெரியும். எனவே நாங்கள் முகங்களைப் பார்த்துக் கதையைப் படித்தோம்.

அங்கேதான் சிக்கல் எழுந்தது. இராமன் முகத்தில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை! எந்தச் செய்தி வந்தாலும் அதே அமைதி, அதே இளம் புன்னகை. நான் பொறுமையிழந்து பாட்டியிடம் கேட்டபோது அவர் சொன்ன சொல் இன்றும் நினைவிருக்கிறது.

"அண்ணன் மொகத்தப் பாக்காதய்யா. தம்பி மொகத்தப் பாரு. அண்ணன் மனசு அங்க தெரியும்."

எழுத்தறியாத என் பாட்டி சொன்ன அந்த ஒரு வரியைவிடச் சிறந்த திறனாய்வை, பின்னாளில் பயிற்சிக் கல்லூரி நூலகத்திலும் நான் படித்ததில்லை.

ஓர் உள்ளம், பல உடல்கள்

சற்று எண்ணிப் பாருங்கள். முடிசூட்டு நாளன்று காட்டுக்குப் போகச் சொன்னால் எவனுக்கும் சினம் வரும். அது நியாயமான சினமும்கூட. ஆனால் இராமன் சினந்தால், அரியணைக்காகத் தந்தையோடு சண்டையிட்ட மற்றோர் இளவரசன் ஆகிவிடுவான். ஒருவருமே சினக்காவிட்டால், அங்கே ஓர் அநீதி நடந்தது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும். ஆகவே காப்பியம் ஓர் உள்ளத்தை இரண்டு உடல்களில் பிரித்து வைத்தது. இராமன் முகம் அன்றலர்ந்த தாமரையை விஞ்சியதாகக் கம்பன் பாடுகிறான். அதே கம்பன், நகர் நீங்கு படலத்தில் இலக்குவனை ஊழித்தீ போல எழுந்து வில்லெடுத்து நிற்கச் செய்கிறான். இராமன் தம்பியை ஆற்றுப்படுத்தும் இடம், ஒருவன் தன் நெஞ்சோடு தானே பேசி அடங்குவதைப் போன்றே அமைந்திருக்கிறது.

இதற்கு வால்மீகியிடம் இன்னொரு சான்றும் உண்டு. சீதையை இழந்தபின் இராமனே நிலைகுலைந்து உலகங்களை எல்லாம் அழித்துவிடுவேன் என்று சீறுகிறான். அப்போது அமைதிமொழி கூறி அவனைத் தடுப்பவன் யார்? அதே இலக்குவன்தான்! அண்ணன் அமைதியானால் தம்பி சினக்கிறான். அண்ணன் சினந்தால் தம்பி அமைதியாகிறான். இருவரும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

பரதன் இன்னொரு கண்ணாடி. இராமன் துறந்த அரசைத் தானும் துறந்து, பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்தியம்பதியில் தவக்கோலத்தில் பதினான்கு ஆண்டுகள் இருந்தான். காட்டில் இராமன் இருந்த நிலையை நாட்டில் இருந்தவர்கள் பரதனிடம் கண்டார்கள். வாலியும் சுக்கிரீவனுமோ, அரியணை ஒன்று இரு சகோதரர்க்கிடையே விழுந்தால் என்ன நேரும் என்பதைக் காட்டுகிறார்கள். அயோத்தியில் நடந்திருக்கக்கூடியது கிட்கிந்தையில் நடந்தது. பகைவனுக்கும் இவ்வாறே கண்ணாடிகள் உண்டு. வீடணன் இராவணன் கேட்க மறுத்த மனச்சான்று. கும்பகருணன் அவன் பெற்றிருந்த பாசம்.

துணைப்பாத்திரத்தின் இந்த எடையைத் தமிழ்த் திரையுலகம் முன்பே உணர்ந்திருந்தது. 1958இல் வெளிவந்த 'சம்பூர்ண இராமாயணம்' படத்தில் என்.டி. இராமராவ் இராமனாக நடித்தார். அந்நாளிலேயே முன்னணிக் கதாநாயகனாக விளங்கிய சிவாஜி கணேசன் ஏற்றது பரதன் வேடம். இன்றும் அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பரதனைத்தான் முதலில் பேசுகிறார்கள்.

தெருக்கூத்தில் கட்டியங்காரனும் பாட்டும் பாத்திரத்தின் மனத்தை அவைக்கு எடுத்துரைக்கும். சின்னத்திரையோ முகத்துக்கு மிக அருகில் செல்லும் கலை. சாகரின் தொடரில் ஒரு கடுஞ்சொல் விழுந்தவுடன் படக்கருவி அவையிலுள்ள ஒவ்வொரு முகமாகச் சென்று நின்று பார்க்கும். நாயகன் அசையாமல் இருக்க, அவன் துயரம் சுற்றியிருப்போர் கண்களில் வழியும். மொழி தெரியாத எங்கள் தோட்டத்து மக்கள் அழுதது அதனால்தான்.

இலக்குவன் பெயர் மலாக்காவுக்கு வந்த கதை

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். மலாக்காச் சுல்தான் ஆட்சியில் கடற்படைத் தலைவருக்கு வழங்கிய பட்டம் 'லக்சமானா' என்பதாகும். இது இலட்சுமணன் என்ற பெயரிலிருந்து வந்தது. மன்னனுக்கு இராமனின் தம்பியைப் போல உற்ற துணையாக நிற்பவன் என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? மலாய் மக்களிடையே இராமகதை 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா' என்ற பெயரில் வழங்கிய நெடுங்காலத்தின் சுவடு அது. இன்றும் அரச மலேசியக் கடற்படையில் லக்சமானா என்பது ஓர் உயர் பதவியின் பெயர்.

அப்பட்டத்தைத் தாங்கியவர்களுள் புகழ்மிக்கவன் ஹங் துவா. அவன் வரலாற்றில் உண்மையாக வாழ்ந்தவனா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவன் கதை வாழ்கிறது. 'ஹிக்காயாட் ஹங் துவா' நூல் 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. அந்நூலில் ஹங் துவா நம் முன்னோர் வாழ்ந்த 'கெலிங்' நாட்டுக்கும் தூது செல்கிறான்.

கதையை நாம் அனைவரும் அறிவோம். பொறாமை கொண்டோர் பழி சுமத்த, சுல்தான் விசாரணையின்றி ஹங் துவாவுக்கு மரண தண்டனை விதிக்கிறார். ஹங் துவா ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. பெண்டஹாரா அவனைக் கொல்லாமல் மறைத்து வைக்கிறார். நண்பன் இறந்துவிட்டதாக எண்ணிய ஹங் ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றிக் கலகம் செய்கிறான். அவனை அடக்க எவராலும் இயலவில்லை. சுல்தான் வருந்தி ஹங் துவாவை மீட்டழைக்கிறார். அவன் வருகிறான், தனக்காகச் சினந்த நண்பனைத் தன் கையாலேயே கொல்கிறான்.

'செஜாரா மெலாயு' நூலில் கலகம் செய்தவன் ஹங் கஸ்தூரி. பெயர் மாறினாலும் ஒன்று மாறவில்லை. துவா விழுங்கிய சினத்தை இன்னொருவன் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இலக்குவன் பெயரைப் பட்டமாகத் தாங்கியவனுக்கே ஓர் இலக்குவன் தேவைப்பட்டான்!

கண்ணாடி கொடுத்த விலை

1956இல் 'ஹங் துவா' திரைப்படம் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து வந்த பாணி மஜும்தார் இயக்க, பி. ரம்லி நாயகனாக நடித்தார். இப்படத்தை நான் பார்த்தது திரையரங்கில் அன்று; தொலைக்காட்சியில்தான். நண்பனைக் கொன்ற பின், படத்தின் முடிவில், சரியாக நடந்தவன் ஜெபாட்டா தானா என்று ஹங் துவா தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். கண்ணாடி உடைந்த பிறகே அவன் அதில் தன் முகத்தைக் காண்கிறான்.

மறு ஆண்டு நாடு விடுதலை பெற்றது. அதன்பின் சிந்தனையும் மாறியது. காசிம் அகமது 1959இல் எழுதி 1964இல் நூலாக வெளிவந்த ஆய்வு, ஜெபாட்டை அநீதிக்கு எதிராக எழுந்த மனிதனாகக் கண்டது. 1961இல் ஹுசைன் ஹனிஃப் 'ஹங் ஜெபாட்' என்று படமே எடுத்தார். அதே ஆண்டில் உஸ்மான் அவாங்கின் நாடகமும் ஜெபாட்டை வீரனாக்கியது. துணைப்பாத்திரமாக இருந்தவன் தலைமைப் பாத்திரம் ஆனான்.

இந்த வரலாறு எனக்கு உணர்த்திய உண்மை ஒன்று உண்டு. நாயகனின் அமைதிக்கு விலை கொடுப்பவன் பக்கத்தில் நிற்பவன். இலக்குவன் கொடுத்தது பதினான்கு ஆண்டுகள். ஜெபாட் கொடுத்தது உயிர்.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. என் தந்தையார் பால்மரம் வெட்டினார். பால் நிறுக்கும் இடத்தில் அவர் கணக்கு மாதந்தோறும் குறைத்தே எழுதப்பட்டது. பிள்ளைகளின் படிப்பையும் லயத்து வீட்டையும் எண்ணி அவர் வாய் திறக்கவில்லை. ஒருநாள் சித்தப்பா எல்லார் முன்னிலையிலும் கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்து நியாயம் கேட்டார். மறுவாரம் அவருக்கு வேலை இல்லை. துணிப்பையோடு ஜொகூருக்குப் பேருந்து ஏறினார். அதன்பின் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது. அப்பாவுக்குத் தோட்டத்தில் 'தங்கமான மனிதர்' என்ற பெயர் கடைசிவரை நிலைத்தது. சித்தப்பாவுக்குக் கிடைத்த பெயர் 'முரடன்'. பாட்டி மட்டும் சொல்வார்: "ஒங்கப்பன் பேசாதத அவன் பேசிட்டுப் போனான்."

நம் வகுப்பறைகளில்

நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவன் மிகவும் அமைதியானவன். எல்லாரும் பாராட்டும் 'நல்ல பிள்ளை'. மற்றவன் ஓயாமல் சண்டையிடுபவன். ஒருநாள் அவன் வேறொரு மாணவனை அடித்துவிட்டான். நான் காரணம் கேட்காமல் தண்டித்தேன். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. பல வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது: கிழிந்த காலணியைச் சொல்லி அந்த அமைதியான பிள்ளையை நாள்தோறும் சிலர் கேலி செய்திருக்கிறார்கள். அவன் புன்னகைத்தபடியே இருந்திருக்கிறான். அடித்தவன் அவனுக்காக அடித்திருக்கிறான்.

நான் சுல்தானைப் போல விசாரணையின்றித் தீர்ப்பளித்திருந்தேன். அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால சார்" என்றான். ஆனால் அதன்பின் அவன் என் கண்களைப் பார்த்துப் பேசியதில்லை.

அடிப்பது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை காரணமின்றிச் சினந்தால், அவன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அமைதியான பிள்ளையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெற்றோர்களே, வீட்டில் ஒரு பிள்ளை எப்போதும் 'நல்ல பிள்ளை'யாகவும் மற்றது எப்போதும் 'முரட்டுப் பிள்ளை'யாகவும் இருந்தால், ஒருவர் பேச வேண்டியதை இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கிறாரோ என்று கேட்டுப் பாருங்கள். அமைதியான பிள்ளைக்குத் தன் குறையைத் தானே சொல்லும் துணிவைப் பழக்கினால், அவன் நண்பன் அடிவாங்க வேண்டியதில்லை.

மகளுக்கு நான் இப்படித்தான் விடை சொன்னேன்: "வரும்மா. ஆனா அது தம்பி முகத்துல வரும்." அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ தம்பி பாவம்" என்றாள்.

மலாக்கா நகருக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றின் ஒரு கரையில் லக்சமானா சாலை. மறுகரையில் ஹங் ஜெபாட் சாலை. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய பாலம். நான் ஒவ்வோர் ஆண்டும் அப்பாலத்தின் மேல் பிள்ளைகளை நிறுத்தித்தான் இக்கதையைச் சொல்கிறேன்.